உயில், பங்கு, வாரிசுச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை எனக்கு. வக்கீல் கோர்ட்டில் இருந்து வரும்வரை பெஞ்சில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள் என்னிடம்தான் பேச்சுக் கொடுப்பார்கள். ஊர் மாறும், ஆள் மாறும், கேள்வி மட்டும் மாறவே மாறாது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டு வைக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரம் இது. தனியாகச் சொல்லாத இடத்தில் இந்துக் குடும்பத்துக்கான சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் பற்றிப் பின்னால் வருகிறது. உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அப்பா உயில் எதுவும் எழுதாம போயிட்டார். அவர் வாங்கின வீடு யாருக்கு?

சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு என்றால் கணக்கு சுலபம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு பட்டியல் தருகிறது. மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய், இவர்களுக்குத் தலைக்கு ஒரு சம பங்கு. அப்பாவுக்கு முன்பே ஒரு மகனோ மகளோ இறந்திருந்தால், அவருக்கு வரவேண்டிய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். இறந்தது மகன் என்றால் அவர் மனைவியும் அதில் சேருவார். மருமகனுக்கு அப்படி எதுவும் இல்லை.

எல்லாரும் மறந்துவிடுவது பாட்டியைத்தான். அம்மா, நீங்கள், தங்கை, பாட்டி என்று நாலு பேர் இருந்தால் பாட்டிக்குக் கால் பங்கு. "அவங்களுக்கு வயசாச்சு, எதுக்குப் பத்திரம்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு பாட்டி காலமானதும் அந்தக் கால் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். அப்போதுதான் அத்தையும் சித்தப்பாவும் வாசலில் வந்து நிற்பார்கள். "அப்பா வாங்கின வீட்டில் அத்தைக்கு என்ன வேலை" என்று கோபப்பட்டுப் பயனில்லை, சட்டப்படி வேலை இருக்கிறது. பாட்டி இருக்கும்போதே, அவருக்கு மனம் இருந்தால், அந்தப் பங்கைப் பத்திரமாக முடித்துக்கொள்வது நல்லது.

தாத்தா, அதாவது இறந்தவரின் அப்பா, முதல் வகுப்பில் இல்லை. முதல் வகுப்பில் ஒருவர்கூட இல்லாவிட்டால்தான் அவர் முறை வரும்.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ்ல என் பேரை விட்டுட்டாங்க. என் பங்கு போயிடுச்சா?

போகவில்லை. வாரிசுச் சான்றிதழ் என்பது இன்னாருக்கு இன்னார் வாரிசு என்று வருவாய்த் துறை விசாரித்துச் சொல்லும் ஒரு தாள். அது உரிமையை உண்டாக்குவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் பட்டா மாற்றுவார்கள், வங்கியில் பணம் எடுப்பார்கள், பத்திரம் போடுவார்கள். ஆகவே தெரிந்தவுடனே ஆட்சேப மனு கொடுங்கள், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். நீங்கள் மகளா இல்லையா என்பதிலேயே தகராறு என்றால் தாசில்தார் தீர்க்க மாட்டார், சிவில் கோர்ட்தான்.

இதையும் கோர்ட் கொடுக்கும் இறங்குரிமைச் சான்றிதழையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வங்கி டெபாசிட், பங்குப் பத்திரம், இறந்தவருக்கு வரவேண்டிய கடன் தொகை போன்றவற்றை வசூலிக்க உதவும். வீடு, நிலத்துக்கு அது உதவாது.

பேங்க்ல நாமினி நான்தான். அப்ப பணம் எனக்குத்தானே?

பணம் உங்கள் கைக்கு வரும், ஆனால் உங்களுக்கு மட்டும் இல்லை. நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர். காப்பீட்டுத் தொகை விஷயத்தில் 1983-லும், வங்கிக் கணக்கு விஷயத்தில் 2010-லும், கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் இருந்து வங்கிக் கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று வந்திருக்கிறதே தவிர, இந்த அடிப்படை மாறவில்லை.

காப்பீட்டில் மட்டும் ஒரு விலகல் உண்டு. 2015-ல் வந்த திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் அவருக்கே அந்தத் தொகையில் உரிமை என்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்னும் வழக்குகள் நடக்கின்றன. பாலிசியை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

அக்காவுக்கு அம்பது பவுன் போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தோம். இப்ப வந்து பங்கு கேட்குது. நியாயமா?

நியாயம் வேறு, சட்டம் வேறு. கல்யாணச் செலவைப் பங்கில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இல்லை. (தம்பி படிப்புக்குக் கட்டிய பணத்தை யாரும் பங்கில் கழிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தப் பேச்சு எங்கள் பெஞ்சில் ஒரு தடவைகூட எழுந்ததில்லை.)

அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் முதல் கேள்வியில் சொன்னதுதான்: மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு. இது 1956-ல் இருந்தே இப்படித்தான். பூர்வீகச் சொத்தில்தான் சட்டம் படிப்படியாக மாறியது. தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலானது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. மத்தியச் சட்டத்தின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் வந்தது, அதில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் கிடையாது. "அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாரே" என்ற வாதம் பல வருஷம் ஓடியது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது: மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, 2005 திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரே பெரிய விலக்கு, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் மூலமாகவோ பாகம் பிரித்து முடித்தவை. "அப்பவே வாய்மொழியா பிரிச்சுட்டோம்" என்று இப்போது சொன்னால் கோர்ட் லேசில் நம்பாது, அந்தக் காலத்து அரசு ஆவணம் ஏதாவது அதற்குத் துணை நிற்க வேண்டும்.

பூர்வீகச் சொத்துன்னா சரியா எது? தாத்தா பேர்ல இருந்த எல்லாமே பூர்வீகம்தானே?

இல்லை, இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் இல்லாமல் 1956-க்குப் பிறகு இறந்திருந்தால், அது உங்கள் அப்பாவுக்கு வாரிசாக வந்த சொத்து. அப்பா கையில் அது அவருடைய தனிச்சொத்து. அதில் பேரன் என்ற முறையில் உங்களுக்குப் பிறப்புரிமை கிடையாது. 1986-ல் சந்தர் சென் வழக்கில் வந்த நிலை இது. அப்பா அதை விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். தாத்தா உயிலோ செட்டில்மென்ட்டோ (உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி அப்பாவுக்குக் கொடுத்திருந்தால், அந்தப் பத்திரத்தின் வாசகம்தான் முடிவு செய்யும்.

உண்மையான கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் பங்கு கணக்கும் மாறும். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள், பாட்டி இல்லை என்று வையுங்கள். அப்பா இறந்த அன்று பாகம் பிரித்ததாகப் பாவித்து, அப்பா, மகன், மகள் மூவருக்கும் மூன்றில் ஒன்று. பிறகு அப்பாவின் மூன்றில் ஒன்றை அம்மா, மகன், மகள் மூவரும் பிரிப்பார்கள். முடிவில் மகனுக்கு 4/9, மகளுக்கு 4/9, அம்மாவுக்கு 1/9. அதே வீடு அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்தால் மூவருக்கும் 1/3. அதனால்தான் பாக வழக்குகளில் முதல் ஒரு வருஷம் "இது பூர்வீகமா, சுயமா" என்பதிலேயே கரைகிறது. தாத்தா காலத்துக் கிரையப் பத்திரமும் பழைய வில்லங்கச் சான்றும் எடுத்து வைத்தவர்களுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சம்.

அம்மா பேர்ல இருக்கற சொத்து?

பெண்ணின் பெயரில் உள்ளது அவருடைய முழுச் சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகன்கள், மகள்கள், கணவன் சமமாக எடுப்பார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி இந்த வரிசையில் இல்லை, முதல் கேள்வியில் வந்த பாட்டியோடு குழப்ப வேண்டாம்.

பிள்ளை இல்லாத பெண் இறந்தால்தான் சிக்கல். கணவனும் இல்லை என்றால், அவர் தன் சம்பளத்தில் வாங்கிய வீடுகூடக் கணவனின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகிறது, பெற்ற தாய்க்கு இல்லை. தாய் தந்தையிடம் இருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை, ஆனால் சட்டம் இன்றைக்கு இப்படித்தான் நிற்கிறது. பிள்ளை இல்லாத, சம்பாதிக்கிற பெண் யாராவது இதைப் படித்தால் இந்த வாரமே உயில் எழுதிவிடுங்கள்.

உயிலைப் பதிவு பண்ணலை, வெறும் வெள்ளைத் தாள். செல்லுமா?

செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை, நோட்டரி முத்திரையும் வேண்டாம். வேண்டியது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 63-ஆம் பிரிவு சொல்வதுதான். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பதிவு செய்த உயிலும் தானாக நிரூபணம் ஆகிவிடாது. "ரிஜிஸ்டர் உயில் சார், யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லி வந்தவர்கள், சாட்சி கூண்டில் தடுமாறியதும் தோற்றுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு சாட்சியாவது கோர்ட்டுக்கு வந்து, எழுதியவர் கையெழுத்துப் போட்டது, தான் போட்டது, மற்ற சாட்சி போட்டது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவதைச் சொல்ல மறந்ததாலேயே கவிழ்ந்த உயில்கள் உண்டு. ஆக, சாட்சிக்கு ஆள் தேடும்போது உங்களைவிட வயதில் இளையவராக, ஊரில் நிலையாக இருப்பவராக, நாலு கேள்வி கேட்டால் பயப்படாதவராகப் பாருங்கள். மாமா, பெரியப்பா என்று மரியாதைக்காக எழுபது வயதுக்காரர்களைப் போடுவதுதான் நம்ம ஊர் வழக்கம்.

ரெண்டு சாட்சியும் இறந்துட்டாங்க. உயில் அவ்வளவுதானா?

இல்லை. சாட்சிகள் இறந்துவிட்டார்கள், அல்லது தேடியும் கிடைக்கவில்லை என்று காட்டினால், ஒரு சாட்சியின் கையெழுத்தும் உயில் எழுதியவரின் கையெழுத்தும் அவரவருடையதுதான் என்று நிரூபிக்கலாம். அவர்கள் கையெழுத்தைப் பழகித் தெரிந்த ஒருவர் வரலாம், சாட்சியின் மகன்கூட. சாட்சி உயிரோடு இருந்து உங்கள் எதிர்த் தரப்போடு சேர்ந்துகொண்டார் என்றால் இந்த வழி இல்லை. அவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும், அவர் மறுத்தால் மற்ற சான்றுகளால் நிரூபிக்கலாம்.

ஆஸ்பத்திரியில இருந்த அப்பாகிட்ட தம்பி ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டான். எப்படி முறியடிக்கறது?

"ஏமாற்றினான்", "மிரட்டினான்" என்று நீங்கள் சொன்னால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஆனால் உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை விலக்கிக் காட்ட வேண்டியது உயிலைக் கொண்டு வந்தவர் பொறுப்பு. 1958-ல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த வழி இது, இன்றைக்கும் ஒவ்வொரு உயில் வழக்கிலும் வக்கீல்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். நல்ல வக்கீல் முதல் வகையைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுவார்.

என்ன மாதிரி சூழ்நிலை? பயன் அடைபவரே எழுத்தரைக் கூட்டி வந்து, சாட்சியையும் தேர்ந்தெடுத்து, செலவும் செய்தது. தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் உயில், படித்துக் காட்டியதாக ஒரு வரிகூட இல்லாமல். மனைவியின் பெயரே இல்லாத உயில். பிள்ளைகளின் பெயர்களும் சர்வே எண்ணும் தப்பாக இருப்பது. இறந்து ஏழு வருஷம் கழித்து, பாக வழக்கு போட்ட பிறகு திடீரென்று முளைத்த உயில். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் போதாது, சேர்ந்து வந்தால் கனம் கூடும். ஒரு பிள்ளைக்குக் குறைத்ததோ விட்டுவிட்டதோ மட்டுமே சந்தேகம் ஆகாது, இயல்பான வாரிசு முறையை மாற்றத்தானே உயிலே எழுதுகிறார்கள். வயதானதும் அப்படித்தான், தொண்ணூறு வயதில் தெளிவாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் முதல் வேலையாகச் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அன்று அவருக்கு நினைவு இருந்ததா, என்ன மருந்து ஓடியது என்பது அதில்தான் இருக்கும், காலம் போனால் கிடைக்காமல் போகலாம். கையெழுத்து எடுத்த வீடியோ இருந்தால் இரண்டு தரப்புக்கும் உதவும், ஆனால் சாட்சிக்குப் பதில் அது ஆகாது.

ரெண்டு உயில் இருக்கு. எது செல்லும்?

பின்னால் எழுதியது. முன்னது பதிவானது, பின்னது பதிவாகாதது என்றாலும் பின்னதுதான், நிரூபிக்க முடிந்தால். நிரூபிக்க முடியாவிட்டால் முன்னது நிற்கும், அதையும் மேலே சொன்னபடி நிரூபிக்க வேண்டும்.

அப்பா பூர்வீக நிலத்தையும் சேர்த்து மொத்தத்தையும் அண்ணனுக்கு எழுதிட்டார்.

தன் பங்குக்கு மேல் எழுத அவருக்கு உரிமை இல்லை. மேலே போட்ட 4/9 கணக்கில், அப்பா எழுதக்கூடியது அவருடைய மூன்றில் ஒரு பங்கை மட்டும். அதை முழுக்க அண்ணனுக்கு எழுதினால் அண்ணனுக்கு 2/3, உங்களுக்கு உங்கள் சொந்த 1/3. உயில் பொய் என்று சண்டை போடாமலே அந்த 1/3-ஐக் கேட்கலாம், பலர் இது தெரியாமல் உயிலை மட்டுமே தாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில சொத்து இருந்தா புரோபேட் கட்டாயம்ங்கறாங்களே?

புரோபேட் என்பது உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் கொடுக்கும் சான்று. முன்பு அது கட்டாயமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதிய, அல்லது அந்த எல்லைக்குள் உள்ள சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்கு, புரோபேட் இல்லாமல் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு சொல்லிவந்தது. மதுரையிலும் கோவையிலும் எப்போதுமே அப்படி இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. வேண்டுமென்றால் புரோபேட் வாங்கலாம், தகராறு வரும் என்று தெரிந்தால் வாங்குவதில் லாபமும் உண்டு. பழைய வழக்கு ஏற்கெனவே நிலுவையில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இது உயிலா செட்டில்மென்ட்டான்னே தெரியலை.

தலைப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே படியுங்கள். "என் ஆயுளுக்குப் பின் அடைந்துகொள்ள வேண்டியது" என்றிருந்தால் உயில். எழுதியவர் சாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். "இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டியது" என்றிருந்தால் செட்டில்மென்ட். உரிமை அன்றைக்கே கைமாறிவிட்டது, பதிவு கட்டாயம், ஒருதலையாக ரத்துப் பத்திரம் போட்டு மீட்க முடியாது. ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு உரிமையை இன்றே கொடுத்திருந்தாலும் அது செட்டில்மென்ட்தான்.

எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களைக் கைவிட்டால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு போட்டு அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு பெற்றோர் பக்கம் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. எழுதும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னாடி ஏதோ பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. இப்ப அது விடுதலைப் பத்திரம்ங்கறாங்க.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனீர்களா என்று யோசியுங்கள். அசையாச் சொத்தின் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கிய பத்து ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரால் உங்கள் பங்கு போகாது. பதிவானது என்றால், என்னவென்று சொல்லாமல் ஏமாற்றி வாங்கினார்கள் என்று ரத்துக் கேட்கலாம், ஆனால் விவரம் தெரிந்த நாளில் இருந்து 3 வருஷம்தான். இன்னொன்று, அப்பா உயிரோடு இருந்தபோது அவருடைய சுயசொத்தில் "வரப்போகும் பங்கை" விட்டுக்கொடுத்தீர்கள் என்றால், அன்றைக்கு உங்களுக்கு அதில் எதுவுமே இல்லை. இல்லாததை விடுதலை செய்ய முடியாது. பதிலுக்குப் பணம் வாங்கியிருந்தால் மட்டும் விஷயம் சிக்கலாகும்.

பட்டா அண்ணன் பேர்ல இருக்கு. அவர் வித்துட்டா என்ன பண்றது?

பட்டா உரிமைப் பத்திரம் இல்லை, வரி வசூலுக்கான பதிவு. யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த காலத்தில் மூத்தவர் பெயரில் ஏறிய பட்டா அப்படியே நிற்பது ஊருக்கு ஊர் உண்டு. அண்ணன் முழுவதையும் விற்றாலும் வாங்கியவருக்குப் போவது அண்ணன் பங்குதான். பாக வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றால், வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்.

இதெல்லாம் சட்டம். நடைமுறையில் வாங்கியவர் உள்ளே புகுந்து கட்டடம் கட்டிவிட்டால் உங்கள் வேலை நாலு மடங்கு. ஆகவே வழக்கோடு விற்பனைத் தடை மனுவையும் சேர்த்துப் போடுங்கள். வாரிசாக வந்த சொத்தில் முதல் வகுப்பு வாரிசு ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்ற வாரிசுகள் தாங்களே வாங்கிக்கொள்ள முன்னுரிமை கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பலருக்கு இது தெரிவதே இல்லை.

அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு. இனி கேஸ் போட முடியுமா?

அநேகமாக முடியும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லாருக்காகவும் அனுபவித்ததாகத்தான் கணக்கு, சும்மா வருஷம் ஓடியதால் பங்கு சாகாது. ஆனால் "உனக்குப் பங்கு கிடையாது" என்று வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்து, 12 வருஷம் பேசாமல் இருந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். மைனராக இருந்தபோது உங்கள் பங்கை அப்பாவோ அம்மாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், 18 வயது ஆன பிறகு 3 வருஷத்துக்குள் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கு. அவங்களுக்கும் பங்கா?

முதல் மனைவி இருக்கும்போது செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது, அந்தப் பெண்மணி வாரிசு இல்லை. பிள்ளைகள் வேறு. அவர்கள் அப்பாவின் சொத்தில் உங்களுக்குச் சமமான வாரிசுகள். பூர்வீகச் சொத்தில், பாகம் பிரித்திருந்தால் அப்பாவுக்கு என்ன வந்திருக்குமோ அதில் மட்டும் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா, சித்தப்பா சொத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களை மறைத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் பின்னால் மொத்தப் பத்திரமும் ஆட்டம் காணும்.

நாங்க கிறிஸ்தவங்க. இதே சட்டமா? முஸ்லிம்களுக்கு?

கிறிஸ்தவர்களுக்குப் பிறப்புரிமை, பூர்வீகம் என்ற பேச்சே இல்லை. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு 1/3, மீதி 2/3 பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்கு இல்லை. உயிலில் இரண்டு எச்சரிக்கை: எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவி அல்லது கணவனுக்கோ எழுதிய கொடை செல்லாது. இந்து உயிலில் இந்த இரண்டு விதியும் இல்லை, ஆனாலும் பயன் அடைபவர் சாட்சி போட்டால் நான் மேலே சொன்ன சந்தேகப் பட்டியலில் அது முதலிடம் பிடிக்கும்.

முஸ்லிம் உயில் வாய்மொழியாகவும் இருக்கலாம். ஆனால் கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் எழுத முடியாது. சன்னி முறையில், ஏற்கெனவே வாரிசாக இருப்பவருக்கு எழுதுவதற்கும் மற்றவர்கள் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு 1/8, மகளுக்கு மகன் பங்கில் பாதி. தாத்தாவுக்கு முன் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன் உயிரோடு இருந்தால் பங்கு வராது. அவர்களுக்காகத் தாத்தா அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் உயில் எழுதலாம்.

அப்பா வாங்கின கடனை நான் கட்டணுமா?

அவரிடம் இருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான். ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் கட்ட வேண்டாம், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர.

பாக வழக்கு எத்தனை வருஷம் ஓடும்?

சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். இரண்டு கட்டம் அது. முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு "ஜெயிச்சாச்சு" என்று சும்மா இருப்பவர்கள் நிறைய. பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட வேண்டும், வக்கீல் ஆணையர் சர்வேயரோடு வந்து அளப்பார், பிரிக்க முடியாத சிறிய வீடு என்றால் ஏலத்துக்குப் போகும். இரண்டு கட்டத்திலும் அப்பீல் உண்டு.

உங்கள் மனுவில் "கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் சண்டைக்கு வருவார்கள், நான் அந்த வீட்டுக்குள் போயே பத்து வருஷம் ஆச்சே என்று. அனுபவத்தில் இருப்பவர் குறைந்த நிலையான கோர்ட் கட்டணம் கட்டினால் போதும், வெளியேற்றப்பட்டவர் பங்கு மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும், அதனால்தான் அந்த வரி. நடுவில் சமரசம் கூடினால் லோக் அதாலத்தில் முடியுங்கள். கட்டிய கட்டணம் திரும்ப வரும், அந்த முடிவின்மேல் அப்பீலும் இல்லை.

அப்பா உயில் எழுதினார்னு கேள்விப்பட்டோம். அண்ணன் காட்ட மாட்டேங்கறார். வில்லங்கம் போட்டா வருமா?

வராது. வில்லங்கச் சான்றில் கிரையம், அடமானம், செட்டில்மென்ட் வரும், உயில் வராது. உயில்கள் பதிவு அலுவலகத்தில் 3-ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல். இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும், வாரிசாகக்கூட இருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழோடு, அவர் குடியிருந்த இடத்துக்கும் சொத்து இருக்கும் இடத்துக்கும் உரிய சார்பதிவாளர் அலுவலகங்களில் மனுப் போடுங்கள். உயிலை எந்த அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் அவர் போய்வந்த மற்ற ஊர்களையும் யோசியுங்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேஸ் நடந்துகிட்டு இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. அவங்க பங்கைத் தங்கச்சிக்கு எழுதி வச்சிருக்காங்களாம்.

அம்மாவின் பங்கு அவர் முழு உரிமை, எழுதலாம். வழக்கு முடியாததால் இன்னும் அளந்து பிரிக்கவில்லை என்பது ஒரு தடை இல்லை. தங்கை அந்த உயிலை இதே வழக்கில் கொண்டு வந்து நிரூபிக்க வேண்டும், அம்மாவின் வாரிசுகளை முறைப்படி வழக்கில் சேர்க்க 90 நாள். அந்தக் கெடுவைத் தவற விட்டால் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு, அதற்கு இன்னொரு வாய்தா. உயில் நின்றால் தங்கையின் பங்கில் அம்மாவுடையது கூடும், நிற்காவிட்டால் பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாகப் பிரியும். முதல்நிலைத் தீர்ப்பாணை ஏற்கெனவே ஆகியிருந்தாலும் பங்கைத் திருத்தி இன்னொரு முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கலாம், பாக வழக்கில் அதற்கு இடம் உண்டு. அம்மா உயிலில் சாட்சி போட்டவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள், நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும்.